கொடி இறங்காத விழா

ஹாரி பாட்டரோடு வளர்ந்தவர்களுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. அந்த மாய உலகம் இன்னும் வாசலில் வந்து அழைக்கிறது. எழுந்து போகத்தான் பலருக்கு மனம் வரவில்லை. அந்த ஆசை எங்கே போனது? நாகூரிலிருந்து ஒரு தேடல்.

ஹாரி பாட்டர் மறுபடி வருகிறான். ஏழு புத்தகங்களையும் முதலிலிருந்து தொலைக்காட்சித் தொடராக எடுக்கப்போவதாக ஹெச்.பி.ஓ. நிறுவனம் 2023 ஏப்ரலில் அறிவித்தது. 2025 ஜூலையில் இங்கிலாந்தில் படப்பிடிப்பும் தொடங்கியது. வட்டக் கண்ணாடியும் பள்ளிச் சீருடையுமாகப் புதுப் பையன் ஒருவன் நிற்கும் படம் அன்றே உலகத்தைச் சுற்றி வந்தது. பத்தாண்டுகள் ஓடக்கூடிய தொடர் என்கிறார்கள்.

இதே செய்தி 2011-இல் வந்திருந்தால் நாகூரில் என் வயதுப் பிள்ளைகள் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டோம். இப்போது அதே தோழர்களிடம் சொன்னால், "அப்படியா? வரட்டும், பார்ப்போம்" என்பதோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. வெறுப்பு இல்லை, பலருக்குக் கோபம்கூட இல்லை. ஒரு காலத்தில் உயிராக இருந்த ஒன்றின் மேல் பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது.

வயதாகிவிட்டது, அதுதான் காரணம் என்பது எளிய விடை. அது போதாது. ஐம்பது வயதிலும் ‘பொன்னியின் செல்வ’னை எடுத்தால் கீழே வைக்காதவர்கள் நம் வீடுகளில் உண்டு. ‘பாதாள பைரவி’ ஓடினால் தொலைக்காட்சியை விட்டு நகராத பாட்டிமார் உண்டு. சிறுவயதுக் கதைமேல் வைத்த அன்பு வயதால் மட்டும் போவதில்லை. எங்கள் தலைமுறைக்கு வேறு ஏதோ நடந்திருக்கிறது. அதைப் பேசித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் அதுவே இப்போது நம் பிள்ளைகளின் கதைகளிலும் நடந்துகொண்டிருக்கிறது.

அதிசயம் கேட்டு வளர்ந்த ஊர்

நாகூர்ப் பிள்ளைக்கு அதிசயக் கதை புதிதல்ல. பாதுஷா நாயகம் ஷாகுல் ஹமீது ஒலியுல்லா அடங்கியிருக்கும் தர்காவின் நிழலில் வளர்கிற எவருக்கும் இரண்டு கதைகள் பால்குடி மறக்கும் முன்பே காதில் விழுந்துவிடும். ஒன்று, தஞ்சை மன்னர் அச்சுதப்ப நாயக்கரின் நோய் தீர்த்த கதை. மன்னருக்குச் சூனியம் வைக்க யாரோ ஒரு புறாவின் உடம்பெங்கும் ஊசி குத்தி அரண்மனையில் மறைத்து வைத்திருந்தார்கள் என்றும், நாயகம் அந்த ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பிடுங்க மன்னரின் வலி தீர்ந்தது என்றும் ஊர் சொல்லும். தர்காவில் இன்றும் புறாக்கள் பறப்பது அந்த நினைவில்தான். இன்னொன்று, கண்ணாடிக் கதை. முடி திருத்திக்கொண்டிருந்த நாயகம் கையிலிருந்த கண்ணாடியைத் திடீரென்று வீசியெறிய, அது நடுக்கடலில் மூழ்கிக்கொண்டிருந்த கப்பலின் ஓட்டையில் போய் அடைத்துக்கொண்டதாம்.

அவுலியாக்களின் கராமத்து வேறு, மந்திர வித்தை வேறு என்பதைப் பெரியவர்கள் தெளிவாகச் சொல்லித்தான் வளர்த்தார்கள். ஒன்று இறைவன் தன் நேசருக்குத் தந்த கொடை, மற்றது விலக்கப்பட்டது. ஆனாலும் அதிசயத்தைக் கேட்கும் காது ஒன்றுதான். இந்த ஊரின் குலாம் காதிறு நாவலர் அந்தக் கராமத்துகளைத் தொகுத்து ‘கன்ஜுல் கராமாத்து’ என்ற நூலாகவே எழுதினார். அப்படிப்பட்ட ஊரில், மாடிப்படிக்குக் கீழே படுத்துறங்கும் அநாதைப் பையனுக்கு ஆந்தை கடிதம் கொண்டுவருகிறது என்றால், பிள்ளைகள் உடனே நம்பினார்கள்.

முதல் படம் 2001 நவம்பரில் வெளியானது. எங்களை வந்து எட்டியபோது 2002 கோடை விடுமுறை. புத்தகமோ வேறு வழியில் வந்தது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் அரபு நாடுகளுக்கும் சபர் போன வாப்பாமார் உள்ள ஊர் இது. 1830 வாக்கிலேயே சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா என்ற பெயரில் ஒரு நினைவிடத்தைக் கட்டி முடித்தவர்கள் எங்கள் கடற்கரைத் தமிழ் முஸ்லிம்கள். சபராளியின் பெட்டியில் கோடாலித் தைலத்துக்கும் பாலியஸ்டர் துணிக்கும் இடையே ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் வந்தால் அது தெருவுக்கே சொந்தம். வகுப்பில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த நானா ஒருவர் வாசித்து வாசித்துத் தமிழில் கதை சொல்வார். நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்போம். பிறகு குறுந்தகடு வந்தது, தமிழ் பேசும் ஹாரியும் வந்தான். எங்களில் பலருக்கு ஆங்கிலம் பழகியதே, அடுத்த பாகத்தை நானா சொல்லும்வரை காத்திருக்க முடியாமல் தாமே எழுத்துக்கூட்டி வாசித்ததால்தான்.

கூடவே வளர்ந்தவன்

இந்தப் படங்களுக்கு மற்ற மாயப்படங்களுக்கு இல்லாத ஒரு பலம் இருந்தது. நடித்த பிள்ளைகள் கண்ணெதிரே வளர்ந்தார்கள். டேனியல் ராட்கிளிஃப், எம்மா வாட்சன், ரூபர்ட் கிரின்ட் மூவரும் 2001 முதல் 2011 வரை எட்டுப் படங்களிலும் ஹாரி, ஹெர்மயனி, ரான் என்ற அதே வேடங்களில் இருந்தார்கள். அவர்களுக்குக் குரல் உடைந்தபோது எங்களுக்கும் உடைந்தது. முதல் இரண்டு படங்களை இயக்கிய கிறிஸ் கொலம்பஸ் தீபாவளி வெளிச்சத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைக் காட்டினார். 2004-இல் வந்த மூன்றாம் படத்தில் அல்ஃபோன்சோ குவாரோன் அதே பள்ளிக்கு மழையையும் குளிரையும் நிழலையும் கொண்டுவந்தார். அதன்பின் கதை இருட்டுக்குள்ளேயே நடந்தது.

அந்த ஆண்டின் கடைசியில் எங்கள் கடற்கரையும் இருட்டியது. 2004 டிசம்பர் 26 காலையில் வந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானோரைக் கொண்டுபோனது. தமிழ்நாட்டில் மிக அதிகமாக இழந்தது எங்கள் மாவட்டம்தான். தர்கா சாதி மதம் பாராமல் வந்தவர்களுக்கெல்லாம் இடமும் சோறும் கொடுத்தது. பள்ளி திறந்தபோது வகுப்பில் சில இடங்கள் காலியாக இருந்தன. சிலர் தாயை, சிலர் தகப்பனை, சிலர் இருவரையும் இழந்து வந்து உட்கார்ந்தார்கள்.

ஐந்தாம் படம் 2007-இல் வந்தது. அதில் பள்ளி வண்டிகளை இழுக்கும் கறுத்த, எலும்பு தெரியும் குதிரைகள் சிலருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு வண்டி தானாக ஓடுவதுபோல் இருக்கும். மரணத்தை நேரில் கண்டவர்களுக்கு மட்டும்தான் அவை புலப்படும் என்று லூனா என்கிற பெண் ஹாரியிடம் விளக்குவாள். அந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் அறையில் யாரும் பேசவில்லை. எங்களில் யாருக்கெல்லாம் அந்தக் குதிரைகள் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. செத்துப்போன அப்பா அம்மாவைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் ஹாரியை முதல் படத்தில் பார்த்தபோது அது வெறும் மாயக்கண்ணாடி. 2004-க்குப் பிறகு பார்த்தபோது அது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கதை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விளம்பரமும் பொம்மையும் எங்களை அந்தக் கதையோடு கட்டிவைக்கவில்லை. இழப்பை மறைக்காமல் பிள்ளைகளிடம் பேசிய கதை அது. செத்தவர்கள் திரும்பி வர மாட்டார்கள் என்பதை எந்த மந்திரமும் மாற்றாது என்று அது உறுதியாகச் சொன்னது. எங்களுக்கு அந்த வயதில் பெரியவர்கள் சொல்லத் தயங்கிய உண்மை அது.

2011 ஜூலையில் எட்டாம் படம் வந்தது. பயந்தாங்கொள்ளி நெவில் வாளை எடுத்துப் பாம்பைக் கொன்றான். ஆசிரியர் ஸ்னேப்பின் இரகசியம் வெளியானது. கதை முடிந்தது. எட்டுப் படங்களும் சேர்ந்து உலக அளவில் சுமார் 770 கோடி டாலர் ஈட்டியிருந்தன. எங்களுக்கு அந்தக் கணக்கு எதுவும் தெரியாது. அழுதோம், ஆனால் நிறைவோடு அழுதோம். நல்ல கதை முடியும்போது வரும் வருத்தம் அது. அதில் குறை எதுவும் இல்லை.

முடிந்த பிறகு நடந்தவை

அங்கேயே விட்டிருக்கலாம். விடவில்லை.

2013 செப்டம்பரில் ‘ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ்’ என்ற புதிய படவரிசை அறிவிக்கப்பட்டது. மாய விலங்குகளைப் பற்றிய ஒரு மெல்லிய சிறு புத்தகம்தான் அதற்கு மூலம். முதலில் மூன்று படங்கள் என்றார்கள். 2016-இல் ஐந்து என்றார்கள். அந்த ஆண்டு வந்த முதல் படம் சுமார் 81 கோடி டாலர் ஈட்டியது. 2018-இல் இரண்டாவது 65 கோடிக்கு இறங்கியது. 2022-இல் மூன்றாவது சுமார் 41 கோடியில் நின்றது. மீதி இரண்டு படங்கள் வரவில்லை. உலகமெங்கும் எங்களைப் போன்றவர்களுக்கு உள்ளுக்குள் நடந்ததுதான் இந்த எண்களில் தெரிகிறது.

ஏன் இறங்கியது? விலங்குகளை நேசிக்கும் கூச்ச சுபாவக்காரன் ஒருவனின் கதையாகத் தொடங்கியதை, ஹாரியின் தலைமையாசிரியர் டம்பிள்டோரின் இளமைக் காலப் போரோடு இழுத்துக் கட்டினார்கள். இரண்டு கதைகளும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் ஆயின. அந்தப் போரின் வில்லன் கிரிண்டெல்வால்ட் வேடத்தில் நடித்த ஜானி டெப் 2020 நவம்பரில் விலக நேர்ந்து, மூன்றாம் படத்தில் மேட்ஸ் மிக்கெல்சன் வந்தார். ஒரே வில்லனுக்கு மூன்று படங்களில் தொடர்ச்சியான முகம் இல்லை.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்தியது சிறிய விஷயம். இரண்டாம் படம் 1927-இல் நடக்கிறது. அதில் பேராசிரியர் மெக்கோனகல் ஆசிரியராக நடமாடுகிறார். ஆனால் ஐந்தாம் புத்தகத்தில், 1995-ஆம் ஆண்டுக் கடைசியில், தான் முப்பத்தொன்பது ஆண்டுகளாகக் கற்பிப்பதாக அவரே சொல்வார். அதாவது அவர் வேலைக்குச் சேர்ந்தது 1956-இல். ரசிகர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது அற்பம். எங்களுக்கு அப்படியில்லை. பன்னிரண்டு வயதில் இந்த ஆண்டுகளை நோட்டுப்புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டு விவாதித்தவர்கள் நாங்கள். படிப்பவர் வைத்த அக்கறையை, அந்த உலகத்தைப் படைத்தவர்களே வைக்கவில்லை என்று தெரியும் கணத்தில் அன்பு தளர்கிறது.

புளோரிடாவில் 2010-இல் கேளிக்கைப் பூங்கா, லண்டன் அருகே 2012-இல் படப்பிடிப்புத் தளச் சுற்றுலா, 2016-இல் நாடகம், 2023-இல் கணினி விளையாட்டு என்று அந்த உலகம் விரிந்துகொண்டே போனது. 2022 புத்தாண்டு அன்று வெளியான இருபதாம் ஆண்டு ஒன்றுகூடல் நிகழ்ச்சியில் எம்மா வாட்சனின் சிறுவயதுப் படம் என்று வேறொரு நடிகையின் படத்தைக் காட்டிவிட்டார்கள். பின்னர் திருத்தினார்கள்தான். எங்களுக்கு அது ஹெர்மயனியின் முகம். தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

கதை யாருக்குச் சொந்தம்?

2007-இல் கொல்கத்தாவில் சால்ட் லேக் பகுதியினர் துர்கா பூஜைக்கு, ஹாரியின் பள்ளியான ஹாக்வார்ட்ஸ் கோட்டையின் வடிவில் பந்தல் அமைத்தார்கள். மூங்கிலாலும் துணியாலும் கட்டி, விழா முடிந்ததும் பிரித்துவிடும் பந்தல். கதையை எழுதிய ரவுலிங் தரப்பும் படங்களைத் தயாரித்த வார்னர் பிரதர்ஸ் நிறுவனமும் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து 20 லட்சம் ரூபாய் கேட்டன. அந்த ஆண்டு விழாவைத் தடுக்க நீதிமன்றம் மறுத்தது. சட்டப்படி அவர்கள் உரிமையைக் காக்க முயன்றார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு கதையை மக்கள் தங்கள் ஊர்த் திருவிழாவுக்குள்ளேயே அழைத்துக்கொள்வதைவிடப் பெரிய மரியாதை அதற்கு என்ன இருக்க முடியும்? அந்த அன்பை உரிமை மீறல் என்று மட்டும் பார்த்தபோதே ஏதோ ஒன்று தொடங்கிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த காயம் எழுத்தாளரிடமிருந்தே வந்தது. 2020 ஜூனில் திருநங்கையர் பற்றி ரவுலிங் எழுதிய பதிவுகளும் நீண்ட கட்டுரையும் பெரும் விவாதத்தைக் கிளப்பின. பெண்களின் பாதுகாப்பு பற்றிய கவலையே தன் பேச்சுக்கு அடிப்படை என்பது அவர் வாதம். மூன்று முதன்மை நடிகர்களும் அவரோடு வெளிப்படையாக மாறுபட்டார்கள். நான் அந்த நடிகர்கள் பக்கம். 2008-லேயே திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. தர்கா வாசலில் எல்லாச் சாதியாரும் மதத்தாரும் திருநங்கையரும் ஒரே வரிசையில் நின்று துஆ கேட்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ஒதுக்கப்பட்ட பையனின் வலியை அவ்வளவு நுட்பமாக எழுதிய கையிலிருந்து அந்தச் சொற்கள் வந்தது தாங்க முடியாத வருத்தம். கதையை வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் முன்போல் கண்மூடி அணைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

வளர்ந்த கண்ணோடு திரும்பப் பார்க்கும்போது வேறு சிலவும் தெரிந்தன. நான்காம் படத்தின் நடன விருந்தில் பார்வதி பாட்டீல், பத்மா பாட்டீல் என்று இரட்டையர் வருவார்கள். நம் பெயர், நம் நிறம் என்று அன்று துள்ளினோம். இப்போது பார்த்தால், ஹாரியும் ரானும் அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பெண்களுக்குக் கதையில் வேறு வேலை இல்லை. புத்தகத்தில் வீட்டுவேலை செய்யும் குட்டிச் சாத்தான்களின் விடுதலைக்காக ஹெர்மயனி ஒரு சங்கமே தொடங்குவாள். படங்களில் அந்தப் பகுதி முழுவதும் காணாமல் போனது. டாபி என்ற ஒருவன் மட்டும் விடுதலை பெற்றான். அவன் இனம் சமையலறையிலேயே நின்றுவிட்டது. கூலியில்லா உழைப்பைப் பண்ணையடிமை முறையாகக் கண்ட கீழத்தஞ்சை மண்ணில் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. 1968-இல் கீழ்வெண்மணி எரிந்தது இங்கிருந்து வெகு தொலைவில் இல்லை.

இந்தக் குறைகள் கதையின் அழகை அழித்துவிடவில்லை. சிறுவயதில் நேசித்த எதையும் பெரியவராகி நேர்மையாகப் பார்ப்பது நல்லதுதான். முடிந்துபோன ஒரு கதையாக மட்டும் அது இருந்திருந்தால், இந்தக் குறைகளோடும் சேர்த்து அதை மன்னித்து வைத்துக்கொண்டிருப்போம். முடியாமல் வந்துகொண்டே இருப்பதால்தான் மன்னிக்கவும் நேரம் கிடைக்கவில்லை.

முடித்துக் காட்டியவர்கள்

நம் மொழியில் இதற்கு வேறு வழி இருந்தது. கல்கி ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதினார். தமிழ்நாடே காத்திருந்து வாசித்த கதை அது. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரமும், கடல் பொங்கி ஊருக்குள் புகும் பகுதியும் எங்களுக்கு இன்றும் உடல் சிலிர்க்க வைப்பவை. இன்னும் ஐந்து ஆண்டு நீட்டியிருந்தாலும் யாரும் வேண்டாம் என்றிருக்க மாட்டார்கள். கல்கி முடித்தார். வாசகர்கள் விடாமல் கேட்ட கேள்விகளுக்கு முடிவுரையில் விளக்கம் எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் மறைந்தார். பின்னால் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் அந்தக் கதையைத் தொடர்ந்தார். அது இன்னொரு எழுத்தாளரின் இன்னொரு நாவல். மூலத்தின் முற்றுப்புள்ளியை அது அழிக்கவில்லை. மணிரத்னமும் 2022-இலும் 2023-இலும் இரண்டு பாகமாக எடுத்து முடித்துக்கொண்டார்.

எங்கள் ஊர்க்காரர் ரவீந்தர் கண்ணதாசனோடு சேர்ந்து வசனம் எழுதிய ‘நாடோடி மன்னன்’ 1958-இல் வந்து பெரும் வெற்றி பெற்றது. ராஜா ராணிக் கதைகளும் பாக்தாத் கதைகளும் கொடிகட்டிப் பறந்த காலம் அது. 1955-இல் ‘குலேபகாவலி’, 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, 1960-இல் ‘பாக்தாத் திருடன்’ என்று எம்.ஜி.ஆர். அடுத்தடுத்து வந்தார். அலிபாபா இரண்டு, அலிபாபா மூன்று என்று யாரும் எடுக்கவில்லை. ஒவ்வொன்றும் மூன்று மணி நேரத்தில் தன் கதையைச் சொல்லி, ‘சுபம்’ போட்டு வீட்டுக்கு அனுப்பியது. அந்தப் படங்கள் மேல் எங்கள் பாட்டன்மாருக்கு இருந்த ஆசை சாகும்வரை குறையவில்லை என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

முடியாத கதைகள் நமக்கும் உண்டே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ‘அம்புலிமாமா’வில் விக்கிரமாதித்தன் வேதாளத்தைச் சுமந்துகொண்டு எத்தனையோ ஆண்டுகள் நடந்தான். ‘ஆயிரத்தொரு இரவு’களில் ஷஹ்ரசாத் உயிரைக் காத்துக்கொள்ளவே கதையை நீட்டினாள். ஆனால் வேதாளம் சொன்ன ஒவ்வொரு கதையும் அந்த இதழிலேயே முடிந்தது, கேள்வி கேட்டது, பிள்ளையை யோசிக்க வைத்தது. ஷஹ்ரசாத்தின் கதைகளும் ஒவ்வொன்றாக முடியத்தான் செய்தன. நீளம் குற்றமல்ல. ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் முழுமையாக இருந்ததா, அல்லது அடுத்த சீட்டை விற்கத்தான் இருந்ததா என்பதே கேள்வி.

முடிக்கத் தெரிந்த விழா ஒன்றும் எங்களுக்கு உண்டு. நாகூர் தர்காவின் கந்தூரி பதினான்கு நாள். ஜமாதுல் ஆகிர் மாதப் பிறை தெரிந்ததும் நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் வடிவ ரதங்களில் கொடி ஊர்வலமாக வரும், மினாராக்களில் ஏறும். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்த 131 அடி உயரப் பெரிய மினாராவில் அது பறப்பதைப் பார்த்தால்தான் எங்களுக்கு அந்த ஆண்டு தொடங்கியதுபோல் இருக்கும். பத்தாம் இரவு சந்தனக்கூடு. பதினான்காம் நாள் கொடி இறங்கும். கடைக்காரர்களுக்கு இன்னும் ஒரு மாதம் நடந்தால் நல்ல வியாபாரம்தான். ஆனாலும் அன்று கொடி இறங்கிவிடும். இறங்குவதால்தான் அடுத்த பிறைக்கு ஊர் ஏங்குகிறது. ஹாரி பாட்டரின் கொடியை 2011-இல் இறக்க வேண்டியவர்கள் இறக்கவில்லை. பத்து ஆண்டுகள் ஏங்கியிருக்க வேண்டிய நாங்கள், ஏங்குவதற்கு இடைவெளியே இல்லாமல் சலித்துப்போனோம்.

அடுத்த தலைமுறைக்கு

என் வயதுக்காரர்கள் பலருக்கு இப்போது பள்ளி செல்லும் பிள்ளைகள். தங்கள் பழைய ஆசையைப் பிள்ளைகள் மேல் ஏற்றிவைக்கும் பழக்கம் அவர்களிடம் பரவுகிறது. நான்கு வயதுக்கே கறுப்பு அங்கி, மந்திரக்கோல், நெற்றியில் மையால் தழும்பு. பிள்ளை கேட்டது போலவும் இல்லை. நம்முடைய இளமை திரும்பி வராதா என்ற ஏக்கத்தில் நாம் வாங்கிக் கொடுக்கிறோம். விற்பவர்களுக்கும் அது தெரியும். புதிய தொடர் குறிவைப்பது பிள்ளைகளை மட்டுமல்ல, அவர்களுக்குச் சந்தா கட்டும் நம்மையும்தான்.

நான் கேட்டுக்கொள்வது இதுதான். பிள்ளைகள் விரும்பினால் அந்தப் புத்தகங்களை வாசிக்கட்டும்; எட்டுப் படங்களையும் பார்க்கட்டும். நல்ல கதைதான், இன்றைக்கும். பார்த்து முடித்த பிறகு, முடிந்துவிட்டது என்று அவர்களிடம் சொல்வோம். பிறகு வேறு கதைகளைக் காட்டுவோம். வாண்டுமாமா நமக்கு எழுதி வைத்துப் போனவை இருக்கின்றன. ஊசி குத்திய புறாவின் கதையும் கப்பலைக் காத்த கண்ணாடியின் கதையும் நம் வாயில் இருக்கின்றன. இன்று ஏதோ ஒரு சிறு பதிப்பகத்தில் யாரோ தமிழில் புதிதாகச் சிறுவர் நாவல் எழுதி, வாங்க ஆளில்லாமல் உட்கார்ந்திருப்பார். அவரைத் தேடிப் பிடித்து வாங்குவோம். அடுத்த பெரிய கதை அங்கிருந்தும் வரலாம். வராவிட்டாலும் நம் பிள்ளைக்கு நம் மொழியில் ஒரு கதை கிடைத்திருக்கும்.

தன் சிறுவயதுக் கதைமேல் பிடிப்பு விட்டுப்போனதை எண்ணி என் தோழி ஒருத்தி ஒருநாள் மிகவும் வருந்தினாள். தன்னுள் ஏதோ செத்துவிட்டது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எதுவும் சாகவில்லை. அந்தக் கதை எங்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டது. அலை வந்துபோன ஊரில், செத்தவர்களைப் பற்றிப் பேசலாம், பயந்தவனும் ஒருநாள் வாள் எடுக்கலாம், ஒதுக்கப்பட்டவர்கள் ஒன்றாக நிற்கலாம் என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது. அதைக் கற்றுக்கொண்டதால்தான் பின்னால் வந்த வணிகத்தை எங்களால் அடையாளம் காண முடிந்தது; எழுத்தாளரே தவறும்போது அவரோடு மாறுபடவும் முடிந்தது. கதையின்மேல் வைத்த ஆசை குறைந்தது உண்மை. கதை கொடுத்த துணிவு குறையவில்லை. அந்தத் துணிவோடு, வருகிற எல்லாவற்றையும் பார்த்தே தீர வேண்டும் என்ற கடமையிலிருந்து நம்மை நாமே விடுவித்துக்கொள்ளலாம்.